ஐந்து ஊர், ஆறு நாள்: 1899 செவானி அணி போன வழியில்

செவ்வாய், நவம்பர் 7 – செவானி, டென்னசி

1899ஆம் வருடக் காலண்டரும் இந்த 2023 காலண்டரும் ஒன்றேதான். அந்த வருடம் நவம்பர் 9 வியாழக்கிழமை, இந்த வருடமும் வியாழக்கிழமை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நாஷ்வில்லில் இருக்கும் என் மச்சினன். "அத்தான், இந்த வருசம் விட்டா இன்னும் பதினோரு வருசம் காத்திருக்கணும். கெளம்புங்க" என்றான். அவனுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். எனக்கு ரயில் பைத்தியம். அதனால் ஒத்துப்போயிற்று.

விஷயம் இதுதான். டென்னசி மலைமேல் செவானி என்ற சின்ன ஊரில் 'யுனிவர்சிட்டி ஆஃப் தி சவுத்' என்று ஒரு கல்லூரி. 1899 நவம்பரில் அதன் ஃபுட்பால் அணி ரயிலேறி, ஆறு நாளில் ஐந்து ஊர்களில் ஐந்து ஆட்டம் ஆடியது. ஐந்திலும் ஜெயித்தது. ஐந்திலும் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மொத்த ஸ்கோர் 91–0. சுற்றிய தூரம் சுமார் 2,500 மைல். அந்த சீசனில் மொத்தம் 12 ஆட்டம், 12 வெற்றி. எடுத்தது 322 புள்ளி, விட்டது 10.

நாஷ்வில்லிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டோம். கிட்டத்தட்ட 2,000 அடி உயரம். காட்டுக்கு நடுவில் மணற்கல் கட்டடங்கள். கல்லூரிக்குச் சொந்தமாக 13,000 ஏக்கர் நிலம், மாணவர்கள் 1,700 பேர் அளவில்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். நாங்கள் பார்த்தபோது ஒரு பையன் அங்கிக்குக் கீழே அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போனான். தென்மாநில எபிஸ்கோபல் பிஷப்புகள் 1857இல் தொடங்கிய கல்லூரி இது. அடிமைகளை வைத்திருந்த வர்க்கத்தின் பிள்ளைகளுக்காக, அந்த வர்க்கத்தின் பணத்தில் திட்டமிட்டது. கல்லூரியே அந்த வரலாற்றை இப்போது தோண்டி எழுதிக்கொண்டிருக்கிறது.

பயணம் ஏன் நடந்தது என்று கேட்டால் வீரம், சாகசம் என்றெல்லாம் பதில் வரும். உண்மையான காரணம் டிக்கெட் வசூல். நாஷ்வில்லின் வான்டர்பில்ட்தான் இவர்களுக்குப் பரம எதிரி. அந்த ஆட்டத்துக்குத்தான் கூட்டமும் காசும் சேரும். வசூலைப் பங்குபோடுவதில் தகராறு வந்து 1899இல் அந்த ஆட்டமே இல்லாமல் போயிற்று. பெட்டியில் பணம் இல்லை. அணி மேனேஜர் லூக் லீ என்ற மாணவன், வயது 20. அவன் தந்தி அடித்து, கடிதம் எழுதி, டெக்சாஸ் முதல் மெம்ஃபிஸ் வரை ஐந்து ஆட்டங்களை ஒரே ரயில் டூரில் கோத்துவிட்டான். தனியாக ஒரு படுக்கைப் பெட்டி; செலவு ஒருமுறைதான், வசூல் ஐந்து முறை.

ஐந்து ஆட்டம் ஆடியவர்களை 'இரும்பு மனிதர்கள்' என்கிறார்கள். ஆடியவர்களைவிட எனக்கு அந்த ரயில் அட்டவணையைப் போட்டவன்மேல்தான் ஆச்சரியம். ஒரு இணைப்பு ரயில் தவறினால் மிச்சம் எல்லாமே சரிந்திருக்கும்.

கல்லூரிக்குள் டிரெம்லெட் ஊற்று இருக்கிறது. அந்தத் தண்ணீரை இரண்டு பீப்பாயில் நிரப்பி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போனால் ஆட்டம் அவ்வளவுதான். எங்கள் சித்தி சென்னைக்குப் போகும்போது தாமிரபரணித் தண்ணீரைக் கேனில் எடுத்துக்கொண்டு போவாள், அதே கதைதான். ஆனால் இவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் குடிநீருக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான வாரியமே 1899இல்தான் ஏற்பட்டது. அதுவரை மழைத் தொட்டித் தண்ணீர்தான்.

மலையடிவாரத்தில் கோவன் என்ற ஊர். பழைய ரயில் நிலையம் இப்போது மியூசியம். அங்கிருந்து செவானிக்கு மேலே ஏறிய பாதையை 'மலை ஆடு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தண்டவாளம் போய்விட்டது, அதன் ஒரு பகுதியில் இப்போது சைக்கிள் ஓட்டலாம். நாங்கள் கொஞ்ச தூரம் நடந்தோம். ஓக் இலைகள் கணுக்கால் வரை கிடந்தன.

வியாழன், நவம்பர் 9 – ஆஸ்டின், டெக்சாஸ்

நேற்று விமானத்தில் வந்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முதல் ஆட்டம் இங்கே, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு. 12–0. அந்தக் கணக்குப் புரிய வேண்டுமானால் அன்றைய விதிகளைச் சொல்ல வேண்டும். நான் கேட்டதும் மச்சினன் ஒரு டாக்கோக் கடையில் பேப்பர் நாப்கினில் படம் போட்டுவிட்டான்.

பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன்; அதற்கு இன்றைக்கு 6 புள்ளி, அன்றைக்கு 5. அதற்குப் பின் உதைத்து கம்பங்களுக்கு நடுவே போட்டால் 1. டச்டவுன் இல்லாமல் நேரடியாகக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் அது ஃபீல்டு கோல், அதற்கும் 5. ஆக, இரண்டு டச்டவுன், இரண்டு உதை என்றால் 12. இன்றைக்கு நான்கு முயற்சியில் 10 கெஜம் நகர வேண்டும். அன்றைக்கு மூன்று முயற்சியில் 5 கெஜம். பந்தை முன்னால் எறியவே கூடாது. அந்த அனுமதி 1906இல்தான் வந்தது. எனவே ஒருவன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முட்டுவான், கூட்டாளிகள் அவனைப் பின்னாலிருந்து தள்ளுவார்கள், எதிரிகள் அப்படியே மேலே விழுவார்கள். இதுதான் ஆட்டம். ஒரு பாதி 35 நிமிடம். வெளியே போனவன் திரும்ப உள்ளே வர முடியாது. ஹெல்மெட் என்று பெரும்பாலும் யாரும் போட்டதில்லை. முடியை நீளமாக வளர்த்து அதையே மெத்தையாக வைத்துக்கொள்வார்கள்.

"அப்படின்னா காயம் பட்டவன் என்ன செய்வான்?"

"ஆடுவான், அத்தான். வேற ஆள் எங்க இருக்கு?"

கேப்டன் ஹென்றி சைபல்ஸ் அலபாமாவின் மாண்ட்கோமரிக்காரர், பட்டப்பெயர் 'டிடி'. இந்த ஆஸ்டின் ஆட்டத்தில் அவர் தலை பிளந்து ரத்தம் கொட்டியும் கட்டுப்போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடினார் என்பது செவானிக்காரர்கள் விடாமல் சொல்லும் கதை. 1973இல் அவரைக் கல்லூரி ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

1899இல் இருந்த டெக்சாஸின் பழைய பிரதானக் கட்டடம் இடிபட்டு, அந்த இடத்தில் 1937 முதல் கோபுரம் நிற்கிறது. வளாகத்தின் இன்னொரு பக்கம் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம். சுற்றி நடக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. கடையில் ஒரு தொப்பி விலை கேட்டேன், வைத்துவிட்டேன்.

வெள்ளி, நவம்பர் 10 – ஹூஸ்டனிலிருந்து ரயில்

விடியற்காலைப் பேருந்து, மூன்று மணி நேரம், ஹூஸ்டன். அவர்கள் வியாழன் சாயங்காலம் டெக்சாஸோடு ஆடிவிட்டு, மறுநாளே இங்கே டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை எதிர்த்து நின்றார்கள். 10–0. அன்றைய ஹூஸ்டனில் 45,000 பேர்கூட இல்லை. எண்ணெய் கிடைத்து இந்தப் பக்கம் தலைகீழாக மாறியது 1901இல்தான். அன்றைய ஊரின் அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை. தேடவும் நேரமில்லை, மதியம் ரயில்.

'சன்செட் லிமிடெட்' வாரத்துக்கு மூன்று நாள்தான். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் வண்டி வெள்ளிக்கிழமை ஹூஸ்டனைத் தொடுவது எங்கள் அதிர்ஷ்டம். 1894 முதல் அந்தப் பெயரில் ரயில் ஓடுகிறது, அதனால் செவானி அணி போன நாளிலும் இந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. போமாண்ட், லேக் சார்ல்ஸ், லஃபாயெட், நியூ ஐபீரியா. வண்டி போகப் போக நிலம் தாழ்ந்து, நெல் வயலும் நண்டு வளர்க்கும் குட்டையும் கரும்புமாக மாறிக்கொண்டே வந்தது.

மச்சினன் தூங்கிவிட்டான். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒன்று யோசித்துக்கொண்டே வந்தேன். இரண்டு ஆட்டம் அடுத்தடுத்த நாளில் ஆடிய உடம்பு. முட்டியும் தோளும் வீங்கியிருக்கும். அந்த உடம்போடு மரப்பெட்டியில் குலுங்கிக்கொண்டு ஒரு ராத்திரி. மறுநாள் பிற்பகல் மூன்றாவது ஆட்டம்.

அவர்கள் உடம்பைப் பிடித்துவிட்டு, எண்ணெய் தேய்த்து, அடுத்த ஆட்டத்துக்கு எழுப்பி நிறுத்தியவர் கேல் பர்ரோஸ். கறுப்பினத்தவர். அணியோடு டூர் முழுக்கப் போனவர். டென்னசி, டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி எல்லா மாநிலத்திலும் அப்போது கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்று ரயில்வே சட்டம் இருந்தது. லூசியானா சட்டம் 1890இல் வந்தது. அதில் ஒரு விதிவிலக்கு: வேற்றினக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மட்டும் அந்தக் குழந்தையோடு உட்காரலாம். வேலைக்காரராக இருந்தால் வெள்ளையர் பக்கத்தில் இருக்கலாம், பயணியாக இருந்தால் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆடிய ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நின்றான், பின்னால் என்ன வேலைக்குப் போனான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பர்ரோஸுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வரி.

இரவு மணி ஒன்பதைத் தாண்டியபின் வண்டி மெதுவாக மேலே ஏறத் தொடங்கியது. ஹியூய் லாங் பாலம். மிசிசிப்பி ஆற்றின்மேல் ரயில் போகும் பகுதி ஏழு கிலோமீட்டர் நீளம். கப்பல் கீழே போக வேண்டும் என்பதால் அவ்வளவு உயரம், அவ்வளவு நீளச் சரிவு. கீழே சரக்குப் படகுகளின் விளக்கு வரிசை. இது திறந்தது 1935 டிசம்பரில். அதற்கு முன் மேற்கிலிருந்து வந்த ரயில்களை இந்த இடத்தில் துண்டு துண்டாகப் பிரித்து, தண்டவாளம் பதித்த படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். செவானியின் படுக்கைப் பெட்டியும் அப்படித்தான் ஆற்றைக் கடந்திருக்க வேண்டும், உள்ளே ஆட்கள் தூங்கத் தூங்க.

சனி, நவம்பர் 11 – நியூ ஆர்லியன்ஸ்

செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ டிராமில் துலேன் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். 1920களில் செய்த பச்சைப் பெட்டி, மரப் பெஞ்சு, பித்தளைக் கைப்பிடி. ஜன்னலை மேலே தள்ளிவிட்டுக் கையை வெளியே நீட்டினால் ஓக் மரக்கிளை தொடும். இந்தத் தடம் 1893இல் மின்சாரத்துக்கு மாறியது. துலேன் இந்தத் தெருவுக்கு வந்தது 1894இல். 1899இல் எல்லாமே புத்தம் புதுசு.

செவானி 23, துலேன் 0. மூன்று நாளில் மூன்றாவது ஆட்டம்.

இன்றைக்கும் துலேனுக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தது, டல்சாவோடு. பச்சைச் சட்டைக் கூட்டம், தெருவெல்லாம் அடுப்பும் பீரும். டிக்கெட் எடுக்கவில்லை, வெளியே நின்று சத்தம் கேட்டோம். 24–22 என்று துலேன் தப்பித்தது.

பிற்பகல் நடந்தே இன்னொரு இடத்துக்குப் போனோம். ராயல் தெருவும் பிரஸ் தெருவும் சந்திக்கும் முனை, சரக்கு ரயில் பாதை ஓரம். 1892இல் ஹோமர் பிளெசி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்துக் கைதான இடம். நான் நேற்று சொன்ன அதே 1890 சட்டத்தை எதிர்க்க வேண்டுமென்றே திட்டமிட்டுச் செய்தது. உச்ச நீதிமன்றம் 1896இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்து, 'தனித்தனி, ஆனால் சமம்' என்பதைச் சட்டமாக்கியது. செவானி ரயில் வந்தது அதற்கு மூன்றே வருடம் கழித்து. லூசியானா ஆளுநர் பிளெசிக்கு மன்னிப்பு வழங்கியது 2022 ஜனவரியில். ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது. நாங்கள் நின்றபோது ஒரு சரக்கு ரயில் குறுக்கே நின்று பத்து நிமிடம் வழியை அடைத்தது. மச்சினன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ராத்திரி ஹோட்டல் டிவியில் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) – புளோரிடா. 52–35. ஜேடன் டேனியல்ஸ் என்ற பையன் பந்தை எறிந்து 372 கெஜம், கையில் வைத்துக்கொண்டு ஓடி 234 கெஜம். மச்சினன் கட்டிலில் ஏறி நின்றுவிட்டான். "இந்த வருசம் ஹைஸ்மன் இவனுக்குத்தான் அத்தான், எழுதி வச்சுக்கோங்க." எழுதி வைத்துவிட்டேன். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரனுக்குத் தரும் பரிசு அது. அந்த ஜான் ஹைஸ்மன் 1899இல் அலபாமாவின் ஆபர்ன் அணிக்குக் கோச். செவானி அந்த சீசனில் விட்ட 10 புள்ளிகளும் ஹைஸ்மனின் ஆபர்னுக்குத்தான் போயின. நவம்பர் 30, நன்றி நாள், மாண்ட்கோமரி: செவானி 11, ஆபர்ன் 10. ஒரே ஒரு புள்ளியில் தப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அட்லாண்டாவில் வட கரோலினாவை 5–0 என்று முடித்து சீசனை மூட்டை கட்டினார்கள். எனக்கு அந்த 91–0ஐவிட இந்த 11–10 பெரிதாகப்படுகிறது. சமமான ஆளோடு மோதிப் பிழைத்த ஆட்டம் அது ஒன்றுதான்.

ஞாயிறு, நவம்பர் 12 – ஆற்றோரச் சாலை

ஞாயிற்றுக்கிழமை பிஷப்புகளின் கல்லூரி ஆடாது. ஓய்வு நாள். அணியை ஒரு கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

நாங்களும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஆற்றோரமாகப் போனோம். நவம்பர் என்றால் இங்கே அரைவைக் காலம். இரண்டு பக்கமும் கரும்பு, எதிரே கரும்பு லாரி, சாலை முழுக்கச் சிந்திய துண்டுகள். ஆலைப் பக்கம் வந்ததும் பாகு வாசனை காருக்குள் வந்துவிட்டது. ஒரு துண்டைப் பொறுக்கிக் கடித்துப் பார்த்தேன். நல்ல இனிப்பு, நார் அதிகம்.

விட்னி தோட்டத்தில் இறங்கினோம். 2014 முதல் மியூசியம். மற்றத் தோட்டங்களில் முதலாளி வீட்டுத் தூண்களைக் காட்டுவார்கள். இங்கே அடிமைகளின் பெயர்களைக் கருங்கல் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். பல பெயர்களுக்குப் பக்கத்தில் வயது, தொழில். 1899இல் அடிமை முறை ஒழிந்து 34 வருடம். அன்று அரைவையில் நின்ற வயசாளிகளில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்களாக இருந்திருப்பார்கள். இளைஞர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ரயிலேறினார்கள்.

மச்சினன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சாப்பிடலாமா அத்தான்" என்றான். சாலையோரக் கடையில் இறாலும் சோறும்.

திங்கள், நவம்பர் 13 – பேட்டன் ரூஜ், அப்புறம் நெடுஞ்சாலை

34–0. டூரின் பெரிய வெற்றி இங்கேதான், எல்.எஸ்.யூ.வுக்கு எதிராக. ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று தெரிகிறது.

எல்.எஸ்.யூ. அப்போது ஊருக்கு நடுவில் ஆற்றோரம் இருந்தது. அந்த இடத்தில்தான் லூசியானா ஆளுநராக இருந்த ஹியூய் லாங் 1932இல் 34 மாடியில் மாநிலத் தலைமையகம் கட்டினார். 'பென்டகன்' என்ற பழைய படைவீடுகள் மட்டும் மிச்சம். இப்போதைய வளாகத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கையுள்ள ஸ்டேடியம், அதன் எதிரே கண்ணாடிக்குப் பின்னால் உயிருள்ள ஒரு புலி. பெயர் மைக், பரம்பரையில் ஏழாவது. முந்தாநாள் ஜெயித்த களிப்பு எதுவும் அதற்கு இல்லை, மல்லாந்து தூங்கியது.

செவானியின் சின்னமும் புலிதான். 1932இல் தென்கிழக்கு மாநாடு என்ற பெரிய லீக் தொடங்கியபோது எல்.எஸ்.யூ., அலபாமா, டென்னசியோடு செவானியும் நிறுவன உறுப்பினர். எட்டு சீசன் ஆடியது. லீக் ஆட்டம் 37, வெற்றி பூஜ்யம். 1940இல் வெளியே வந்துவிட்டது. ஃபுட்பாலுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்து ஆள் பிடிக்க மாட்டோம் என்றால் வேறு என்ன நடக்கும்? இன்றைக்கு மூன்றாம் பிரிவில் ஆடுகிறது, உதவித்தொகை இல்லாமல். அது தோல்வி என்று மச்சினன் சொல்கிறான். புத்திசாலித்தனம் என்று நான் சொல்கிறேன். மிசிசிப்பி எல்லை வரை இதே விவாதம்.

வழியில் வான் என்ற சிற்றூரின் பெயர்ப்பலகை. 1900 ஏப்ரல் 30 விடியற்காலை, மெம்ஃபிஸிலிருந்து தாமதமாகக் கிளம்பி நேரத்தைப் பிடிக்க விரட்டி வந்த ஓட்டுநர் கேசி ஜோன்ஸ், நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதி இறந்த இடம். ரயிலிலிருந்த மற்ற யாரும் சாகவில்லை. செவானி டூர் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. லூக் லீ போட்ட அட்டவணை எந்த மாதிரி ரயில்களை நம்பி இருந்தது என்பதற்கு இது போதும்.

செவ்வாய், நவம்பர் 14 – மெம்ஃபிஸ்

மிசிசிப்பி பல்கலைக்கழகத்தோடு கடைசி ஆட்டம். 12–0. முடிந்தது டூர்.

காலையில் ஹாராஹன் பாலத்து நடைபாதையில் ஆற்றைக் கடந்து ஆர்கன்சா வரை போய்த் திரும்பினோம். பக்கத்திலேயே 1892இல் கட்டிய ஃபிரிஸ்கோ பாலம். அந்தக் காலத்தில் இதற்குத் தெற்கே மிசிசிப்பியின்மேல் வேறு பாலமே கிடையாது. இன்னும் சரக்கு ரயில் போகிறது. மதியம் பார்பெக்யூ. நன்றாகவே இருந்தது, ஆனால் ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும். நாங்கள் இரண்டு வாங்கிவிட்டோம்.

நாஷ்வில் திரும்பும் வழியில் லூக் லீயின் மிச்சக் கதையைச் சொன்னேன். 1907இல் 'டென்னசியன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1911இல் அமெரிக்க செனட்டர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் கர்னல். போர் முடிந்ததும், 1919 ஜனவரியில், கூட்டாளிகள் சிலரோடு காரில் ஹாலந்துக்குள் புகுந்து, அமெரோங்கன் மாளிகையில் ஒளிந்திருந்த ஜெர்மன் கெய்சரைத் தூக்கிவர முயன்றார். கெய்சர் வரவில்லை, கூட வந்தவர்களில் ஒருவர் அங்கிருந்த சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம். ராணுவம் கண்டித்துவிட்டு விட்டுவிட்டது. 1930களில் வட கரோலினாவில் ஒரு வங்கி மோசடி வழக்கில் தண்டனை பெற்று, 1934 முதல் 1936 வரை சிறையில் இருந்தார்.

"வசூலுக்காக அஞ்சு ஊர் சுத்தின ஆளு, கடைசியில பேங்க் கேஸ்லயா?"

"நடுவுல நல்லதும் செஞ்சிருக்கார். 1927இல் நாஷ்வில்லுக்கு 868 ஏக்கர் இலவசமா கொடுத்தார். பெர்சி வார்னர் பார்க். மாமனார் பேரு அது."

அவன் காரை ஓரம்கட்டாத குறை. "அத்தான், நான் வாரத்துக்கு நாலு நாள் ஓடுறதே அங்கதான்!"

நாளைக்குக் காலையில் என்னையும் கூட்டிப்போகிறானாம். ஓட மாட்டேன், நடக்கத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.